ஐப்பசியில் ஏற்காட்டில் டென்ட் போடலாமா?

"தீபாவளி முடிந்த வாரம் நண்பர்கள் ஐந்து பேர் ஏற்காட்டில் இரண்டு ராத்திரி டென்ட்டில் தங்கப்போகிறோம். 3,000 ரூபாய் டென்ட் மழைக்குத் தாங்குமா? காட்டுக்குள் டென்ட் போட நல்ல இடம் எது?" என்று கேட்டிருக்கிறீர்கள். படித்தால் டென்ட்டைப் பற்றிய கேள்வி மாதிரிதான் இருக்கிறது. ஆனால் கடைசி வரியில், "மழை என்றால் கேன்சல் பண்ணிவிடலாம் என்று ஒருத்தன் சொல்கிறான், மற்ற நாலு பேரும் அவனை ஓட்டிக்கொண்டிருக்கிறோம்" என்று எழுதியிருக்கிறீர்களே, விஷயம் அங்கேதான் இருக்கிறது. எந்த மழைக்குப் போகலாம், எந்த மழைக்குப் போகக் கூடாது, போன பிறகு எப்போது மூட்டையைக் கட்ட வேண்டும் என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டியது. அதற்கே பதில் எழுதுகிறேன். டென்ட் நடுவில் வரும்.

நான் சேலம் கன்னங்குறிச்சிக்காரன். ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் பதினொரு வருஷம் ரைட்டராக இருந்தேன். ஆட்களுக்குப் பேர் போடுவது, கூலிக் கணக்கு எழுதுவது, அதோடு தினமும் காலை எட்டரைக்கு மழைமானியில் அளவு பார்த்து நோட்டில் குறிப்பது என் வேலை. வேலையை விட்ட பிறகும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது சொந்தக்காரப் பையன்களையோ நண்பர்களையோ கூட்டிக்கொண்டு மேலே போய்த் தங்கி வருகிறேன். மலையேற்றப் பயிற்சி எதுவும் எடுத்தவனில்லை, மருத்துவம் படித்தவனும் இல்லை. உடம்பு சம்பந்தமாக நான் கீழே சொல்வதை டாக்டர் வார்த்தையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் நிச்சயமான ஒன்று. காட்டுக்குள் டென்ட் போட நல்ல இடம் என்று எதுவும் கிடையாது. காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைப்பதே குற்றம், அதில் ராத்திரி தங்குவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். 2018 மார்ச்சில் குரங்கணி தீயில் அத்தனை பேர் போனதற்குப் பிறகு மலையேற்றத்துக்கென்றே தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் அரசே 'டிரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளைத் திறந்தது. கொண்டப்பநாயக்கன்பட்டியிலிருந்து குண்டூருக்கு ஏறுகிற பாதை நம் பக்கத்துப் பாதைகளில் ஒன்று. ஆனால் அதெல்லாம் முன்பதிவு செய்து வழிகாட்டியோடு பகலில் நடந்துவிட்டு வருவதற்கு. டென்ட் வேண்டுமென்றால் எஸ்டேட் நிலத்திலோ, தங்கும் விடுதிக்காரர் இடத்திலோ, உரிமையாளரிடம் முன்கூட்டியே கேட்டுப் போடுங்கள். நாகலூர் பக்கமும் மஞ்சக்குட்டை பக்கமும் இப்படி விடுகிறவர்கள் இருக்கிறார்கள். கேட்கும்போது ஒரு கேள்வியை மறக்காதீர்கள்: "ராத்திரி மழை வலுத்தால் நாங்கள் ஒதுங்க ஓடு போட்ட இடம் ஏதாவது இருக்கிறதா?" குடோனோ, மாட்டுக்கொட்டகையோ, திண்ணையோ, ஐம்பது அறுபது அடியில் ஒரு கூரை வேண்டும். இல்லை என்றால் அந்த இடம் வேண்டாம். மழைக்காலத்தில் 3,000 ரூபாய் டென்ட்டுக்கும் 15,000 ரூபாய் டென்ட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைவிட, பக்கத்தில் கூரை இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள வித்தியாசம் பெரிது.

அடுத்தது மழை. "ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை" என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள், ஆனால் மேலே இருந்து பார்த்தால் இரண்டு விதமான மழை தெரியும். ஒன்று இடி மழை. காலையில் வெயில் சுள்ளென்று அடிக்கும். மதியத்துக்கு மேல் மேகம் திரண்டு, மூன்று நாலு மணிக்கு இருட்டிக்கொண்டு வந்து ஊற்றும். ராத்திரி எட்டு ஒன்பது மணிக்கு ஓய்ந்து, பத்து மணிக்கு நட்சத்திரம்கூடத் தெரியும். அக்டோபரில் வருவது பெரும்பாலும் இதுதான். இந்த மழையில் தாராளமாகத் தங்கலாம், என்னைக் கேட்டால் ஏற்காடு அழகாக இருப்பதே அப்போதுதான். மதியம் ஒரு மணிக்குள் டென்ட் நின்றிருக்க வேண்டும், அவ்வளவுதான். பதினோரு மணிக்குச் சேலத்தில் பிரியாணி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பி, நாலு மணிக்குக் கொட்டுகிற மழையில் கம்பியை மாட்டிக்கொண்டிருக்கிற கூட்டத்தை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

இன்னொன்று வங்கக்கடலில் தாழ்வு மண்டலமோ புயலோ உருவாகி வருகிற மழை. இதற்கு ராப்பகல் கிடையாது. இடி அதிகம் இருக்காது, காற்றும் சாரலும் விடாமல் அடிக்கும். மண் ஊறி ஊறி ஒரு கட்டத்தில் சரிவு தாங்காது. இந்த மழையில் டென்ட் மட்டுமல்ல, லாட்ஜில் ரூம் போட்டும் போக வேண்டாம் என்பேன். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. "அதான் கடந்துவிட்டதே" என்று நிம்மதியானவர்கள் உண்டு. நம் பக்கம் கொட்டியது அதற்குப் பிறகுதான். ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர். ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றுபோனது. மேலே இருந்தவர்கள் மேலேயே மாட்டிக்கொண்டார்கள். ஆகையால் புயல் கரையைக் கடந்தாலும் இரண்டு மூன்று நாள் விட்டுத்தான் மலையைப் பற்றி யோசிக்க வேண்டும்.

எந்தத் தேதியில் மழை வராது என்று பத்து நாள் முன்னால் யாராலும் சொல்ல முடியாது. போனில் உள்ள ஆப் 'சனிக்கிழமை 40 சதவீதம்' என்று காட்டுவதை வைத்துத் திட்டம் போடாதீர்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் மாலை சென்னை வானிலை ஆய்வு மையத்தின் மாவட்ட எச்சரிக்கையைப் பாருங்கள். அவர்கள் கணக்கில் 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரைத் தொட்டால் கனமழை, 115.6க்கு மேல் மிக கனமழை, 204.4ஐத் தாண்டினால் அதி கனமழை. அது மாவட்டம் முழுவதற்குமான கணிப்பு. அதே எச்சரிக்கைக்கு ஆத்தூரில் தூறலும் ஏற்காட்டில் கொட்டும் மழையும் வரலாம், மலைதான் மேகத்தைத் தடுத்துக் கறப்பது. சேலத்துக்கு மஞ்சள் எச்சரிக்கை, அதுவும் இடி மழைக்கு என்றால் நான் போவேன். ஆரஞ்சு என்றால் போகமாட்டேன். கடலில் ஏதாவது சுழன்றுகொண்டு தமிழ்நாட்டைப் பார்த்து நகர்ந்தால், சேலத்துக்கு எச்சரிக்கையே இல்லாவிட்டாலும் போகமாட்டேன். இது சட்டமல்ல, என் வழக்கம். உங்கள் கூட்டத்தில் கேன்சல் என்று சொன்ன அந்தத் தம்பியிடமே இந்த முடிவை ஒப்படையுங்கள்.

இனி இடம் பார்ப்பது. இதில் நான் பட்ட பாட்டைச் சொன்னால் உங்களுக்கு உதவும். எஸ்டேட்டில் சேர்ந்த புதிதில், ஊரிலிருந்து வந்த நாலு நண்பர்களோடு காப்பிச் செடிகளுக்கு நடுவே ஒரு சமதரையில் டென்ட் போட்டோம். மலையில் சமதரை கிடைப்பதே அபூர்வம், மெத்தை மாதிரி பொடி மணல் வேறு. மலைச்சரிவில் அந்தப் பொடி மணல் எப்படி வந்தது என்று ஒருத்தனுக்கும் தோன்றவில்லை, தினமும் மழை அளக்கிற எனக்கும்தான். ராத்திரி இரண்டு மணி வாக்கில் முதுகு சில்லென்றது. டார்ச்சை அடித்தால் வாசலில் கழற்றிப்போட்ட ஷூ ஒன்று மெதுவாகத் திரும்பித் திரும்பி மிதந்துகொண்டிருக்கிறது. நாங்கள் படுத்திருந்தது மேலே இருந்து வருகிற ஓடைத்தடம். போதாக்குறைக்கு, டென்ட்டுக்கு அடியில் விரித்த பிளாஸ்டிக் ஷீட்டை நாலு பக்கமும் ஓரடி வெளியே நீட்டி விட்டிருந்தோம், சேறு ஒட்டாது என்று. டென்ட்டின் மேல் துணியில் வழிந்த தண்ணீர் எல்லாம் அந்த ஷீட்டில் விழுந்து, நேராக எங்களுக்கு அடியில் போய்த் தேங்கிவிட்டது.

அதனால் தரையைக் குனிந்து பாருங்கள். சருகெல்லாம் ஒரே பக்கமாகச் சீவிவிட்ட மாதிரி ஒதுங்கியிருந்தால், புல் ஒரு திசையில் படுத்திருந்தால், பொடி மணல் திட்டாகச் சேர்ந்திருந்தால், அது தண்ணீர் போகிற வழி. லேசான சரிவு நல்லது, தலை மேட்டுப்பக்கம் இருக்கட்டும். அடியில் விரிக்கிற ஷீட் டென்ட்டின் தரையைவிட நாலு விரல் சிறிதாகவே இருக்க வேண்டும், நீட்டினால் மடித்து உள்ளே தள்ளுங்கள். தலைக்கு மேலும் பாருங்கள். எஸ்டேட்டில் நிழலுக்கு வளர்க்கிற சில்வர் ஓக் மரம் நெடுநெடுவென்று பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் காற்றில் கிளை சடாரென்று முறியும். அதன் அடியில் வேண்டாம். அறுத்து விட்ட மண் சுவருக்குக் கீழேயும், கல் அடுக்கின தடுப்புக்கு ஒட்டியும் வேண்டாம். வாசல் கிழக்கையோ வடகிழக்கையோ பார்க்க வேண்டாம், இந்தப் பருவத்தில் பெரும்பாலும் சாரல் அந்தப் பக்கத்திலிருந்துதான் வரும். பெரும்பாலும்தான், பள்ளத்தாக்கு ஓரத்தில் காற்று தன் இஷ்டத்துக்குச் சுற்றும்.

சரி, டென்ட். 3,000 ரூபாய் டென்ட் தாங்குமா என்பதற்கு ஒரே பதில் கிடையாது, விலையைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. இரண்டு அடுக்கு இருக்கிறதா என்று பாருங்கள்: உள்ளே வலைத்துணி, வெளியே தரை வரை இறங்குகிற மழைத்துணி. தொப்பி மாதிரி உச்சியில் மட்டும் ஒரு துண்டு துணி வருகிற டென்ட் தூறலுக்குத்தான் ஆகும். பெட்டியில் நீர் தாங்கும் திறன் மில்லிமீட்டரில் போட்டிருக்கும். 1,500 என்றால் சுமார், 3,000 என்றால் நல்லது. அந்த எண்ணை நம்பி மட்டும் இருக்காதீர்கள், ஒழுகுவது துணியில் அல்ல, தையலில். வாங்கின அன்றே மொட்டை மாடியில் விரித்து, ஹோஸ் பைப்பில் இருபது நிமிஷம் தண்ணீர் அடித்து, ஒருத்தர் உள்ளே உட்கார்ந்து பாருங்கள். காலையில் உள்ளே சொட்டுச் சொட்டாக இருந்தால் எல்லாம் ஒழுகல் என்று நினைக்கவும் வேண்டாம், பாதி உங்கள் மூச்சுக்காற்றுதான். மேலே உள்ள காற்று வழியைத் திறந்தே வையுங்கள். நாலு பேர் டென்ட் என்றால் நாலு பேர் ஒருக்களித்துப் படுக்க என்று பொருள். ஐந்து பேருக்கு அப்படி இரண்டு வேண்டும்.

டென்ட்டில் மிச்சம் பிடிக்கிற காசில் செவ்வாய்ப்பேட்டையில் பன்னிரண்டுக்குப் பதினெட்டு அடியில் ஒரு நல்ல தார்ப்பாயும், ஐம்பது அடி நைலான் கயிறும் வாங்குங்கள். போனதும் முதலில் கட்ட வேண்டியது அதைத்தான். ஒரு பக்கம் தாழ்வாக இழுத்துக் கட்டினால் தண்ணீர் தொந்தி போடாது. அதன் கீழே சமையல், சீட்டுக்கட்டு, ஈரத்துணி எல்லாம். ஐந்து ஆண்பிள்ளைகள் ஆறு மணி நேர மழையில் டென்ட்டுக்குள் முட்டிக்கால் மடக்கி உட்கார்ந்திருந்தால் நட்பு முறிந்துவிடும், தார்ப்பாய் இருந்தால் அதே மழை பொழுதுபோக்கு.

குளிரை எல்லாரும் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். "ஏற்காடு என்ன காஷ்மீரா" என்பார்கள். சேலம் கடல் மட்டத்திலிருந்து 280 மீட்டர் சுமார், ஏற்காடு 1,500. ஆயிரம் மீட்டருக்கு ஆறு ஆறரை டிகிரி குறையும் என்ற கணக்கில் ஏழெட்டு டிகிரி வித்தியாசம் வந்துவிடும். ஐப்பசி ராத்திரியில் பதினைந்து டிகிரி என்பது உலர்ந்த உடம்புக்குச் சுகம். நனைந்த ஜீன்ஸோடு காற்றில் நிற்பவனுக்கு ஆபத்து. அந்த ஓடை ராத்திரியில் எங்களில் ஒருத்தன், எங்கள் கூட்டத்திலேயே ஒல்லி, முதலில் கிடுகிடுவென்று நடுங்கினான். அப்புறம் நடுக்கம் நின்றது. சரியாகிவிட்டான் என்று நாங்கள் நினைத்தோம். மணி என்னடா என்றால் "ம்" என்கிறான், ஸ்வெட்டர் பட்டனை விரல் பிடிக்கவில்லை. சாக்கை மடித்துக் கொங்காடை போட்டுக்கொண்டு சத்தம் கேட்டு வந்த வாட்ச்மேன்தான் ஒரே பார்வையில் பார்த்து, குடோனைத் திறந்து, ஈரத்துணியை உருவச் சொல்லி, காய்ந்த சணல் சாக்குகளுக்கு நடுவே அவனைப் படுக்க வைத்தார். வரக்காப்பியில் சர்க்கரையை அள்ளிப்போட்டு மடக்கு மடக்காகக் குடிக்க வைத்தார். அரை மணி கழித்து மறுபடி நடுங்க ஆரம்பித்தான். "இப்பத்தான் சரியாகுது" என்றார் அவர். குளிரிலேயே இருக்கும்போது நடுக்கம் நிற்பதும், பேச்சு குழறுவதும், நடை தடுமாறுவதும் மோசமான அறிகுறிகள் என்பதைப் பின்னால்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். அந்த நிலையில் ஒரு ஆளைக் கண்டால் 108க்கு அடியுங்கள், ஏற்காட்டிலேயே அரசு மருத்துவமனை இருக்கிறது. குளிருக்கு இதமாக என்று சரக்கு மட்டும் கொடுத்துவிடாதீர்கள். தோல் சூடாவது போலத் தெரியும், உள்ளே இருக்கிற சூடு வெளியே போய்விடும்.

ஆளுக்கு ஒரு செட் துணியை, தூங்குவதற்கு மட்டும் என்று, பாலிதீன் பையில் கட்டி வையுங்கள். பகலில் எவ்வளவு நனைந்தாலும் அதைத் தொடக் கூடாது. ஜீன்ஸ் வேண்டாம், ட்ராக் பேன்ட் போதும். போர்வையைவிட அடியில் போடுகிற பாய் முக்கியம், இரண்டு யோகா மேட்டை ஒன்றன்மேல் ஒன்று போட்டாலே தரைக்குளிர் ஏறாது.

சமையலுக்கு விறகை நம்பாதீர்கள். மழையில் பற்றாது, எஸ்டேட்டில் கிளை ஒடித்தால் மரியாதையும் போய்விடும். சின்ன கேஸ் அடுப்பு போதும், தார்ப்பாய்க்குக் கீழே. டென்ட்டுக்குள் அடுப்போ கரித்தணலோ எக்காரணம் கொண்டும் கூடாது. கொடைக்கானலில் அறைக்குள் கரி அடுப்பை வைத்துத் தூங்கியவர்கள் காலையில் எழுந்திருக்கவே இல்லை. கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது, இருமலும் வராது. என் மெனு எப்போதும் ஒன்றுதான்: கொள்ளு ரசம், சோறு, சுட்ட அப்பளம். சாயந்திர மழைக்குத் தட்டுவடை செட். தட்டையையும் சட்னியையும் கீழிருந்தே கொண்டுபோய், கேரட்டும் பீட்ரூட்டும் அங்கே துருவிக்கொள்ளலாம். சேலத்துக்காரன் மலையில் மேகி கிண்டுவது எனக்குப் பிடிக்காது. மிச்சம் மீதியைக் காரில் பூட்டி வையுங்கள், குரங்கு ஜிப்பைத் திறக்கும். காட்டுமாடு இருட்டின பிறகு எஸ்டேட்டுக்குள் வரும். டார்ச் அடித்து வீடியோ எடுக்காமல் இருந்தால் தன் வழியில் போய்விடும்.

இடி விஷயத்தில் வீரம் வேண்டாம். மின்னலுக்கும் சத்தத்துக்கும் நடுவே மூன்று எண்ணினால் ஒரு கிலோமீட்டர் தூரம். முப்பது எண்ணுவதற்குள் இடித்தால் கட்டடத்துக்குள்ளோ காருக்குள்ளோ போய்விடுங்கள், கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் வெளியே வராதீர்கள். டென்ட் இதற்கு ஒரு பாதுகாப்பும் இல்லை. பகோடா பாயிண்ட், சேர்வராயன் கோயில் மாதிரி மொட்டை மேடுகளை மதியத்துக்குள் பார்த்து முடித்துவிடுங்கள். கிளியூர் அருவி மழைக்குப் பிறகு பிரமாதமாக இருக்கும், இறங்குகிற பாதை பாசி பிடித்து வழுக்கும், மேலே மழை பெய்தால் கீழே தண்ணீர் திடீரென்று கூடும். மேடையிலிருந்து பார்த்தால் போதும்.

அடிவாரத்திலிருந்து போகிற இருபது கொண்டை ஊசி வளைவுப் பாதையைப் பகலிலேயே முடியுங்கள். மூடுபனியில் ஹைபீம் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும், லோபீம் போடுங்கள். ஏறுகிற வண்டிக்குத்தான் வழி. இறங்கும்போது இரண்டாவது கியரில் இறங்குங்கள், பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறி வாடை அடிக்கும். குப்பனூர் வழியில் வளைவு குறைவு, ஆனால் அங்கேயும் மழையில் மண் சரியும். கிளம்பும் முன் எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று அடிவாரம் செக்போஸ்ட்டில் கேட்டுவிடுங்கள்.

கடைசியாக, யாரும் சொல்லாத ஒன்று. மழைக்காலத்தில் புதரிலும் புல்லிலும் கண்ணுக்கே தெரியாத ஒரு பூச்சி இருக்கிறது. அது கடித்து வருவதுதான் ஸ்க்ரப் டைஃபஸ், உண்ணிக் காய்ச்சல் என்பார்கள். மழைக்காலத்திலும் அதை ஒட்டிய பனிக்காலத்திலும்தான் அதிகம் வரும். புல்லில் வெறுமனே படுக்காதீர்கள், துணியைச் செடிமேல் காயப்போடாதீர்கள், வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் குளித்துத் துணி முழுவதையும் துவைக்கப் போடுங்கள். ஆறு நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் காய்ச்சலும் தலைவலியும் வந்தால், சாதா காய்ச்சல் என்று மாத்திரை போட்டுக்கொண்டு இருக்காமல் டாக்டரிடம் போய், மலையில் டென்ட்டில் தங்கினேன் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். அக்குள், தொடையிடுக்கு, இடுப்புப்பட்டை அழுத்துகிற இடம், இங்கெல்லாம் சிகரெட் சுட்ட மாதிரி கறுப்பாக ஒரு வலியில்லாத பொருக்கு இருக்கிறதா என்று பார்த்து அதையும் காட்டுங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் சாதாரண ஆன்டிபயாடிக்கிலேயே குணமாகிவிடும்.